எந்தப் பதிப்பைப் படிப்பது?

(புது தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே முறை. அம்முறைக்கு மாறாகக் கணினித் தேர்வு ஒன்றைப் பற்றிப் பேச முற்பட்டுள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. இவ்வாண்டு நம் குடியிருப்பின் மாடிப்படிகளிலும், பால் வாங்கும் வரிசையிலும், மலைமந்திர்ப் படிக்கட்டுகளிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப நம் காதில் விழுந்தது. "லினக்ஸ் நிர்வாகித் தேர்வுக்கு எந்தப் பதிப்பைப் படிப்பது?" என்பதே அக்கேள்வி.

கேட்பதற்குச் சிறு கேள்விதான். ஆயினும் அதன் பின்னே ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் காலம் நிற்கிறது. தந்தை ஓய்வு பெற இரண்டாண்டு இருக்கிறது. ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் அரசாங்க வீட்டைக் காலி செய்து கொடுத்தாக வேண்டும். மகனோ மகளோ பி.சி.ஏ. முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறார். தேர்வுக் கட்டணமோ நம் போன்றோர் வீட்டில் எளிதிற் புரளும் தொகையன்று. இந்நிலையில் பெங்களூரிலிருந்து மாமா ஒருவர், "ஒன்பதைப் படி" என்கிறார். பேர் சராய்ப் புத்தகக் கடைக்காரர் எட்டாம் பதிப்புக்குரிய நூலைக் கட்டித் தருகிறார். ஏழாம் பதிப்புக் காலத்துக் குறிப்புகளையே இன்றும் படியெடுத்துக் கொடுக்கும் பயிற்சி நிலையங்களும் உண்டு. இதற்கிடையில் 2025ஆம் ஆண்டில் பத்தாம் பதிப்பும் வந்துவிட்டது.

இந்நால்வர் சொல்லையும் தட்டாமல் கேட்ட பிள்ளை ஒருவரை நாம் அறிவோம். ஓராண்டு முடிவில் நான்கு புத்தகங்களிலும் முதல் மூன்று அத்தியாயங்கள் அவருக்கு மனப்பாடம். எந்தப் புத்தகத்திலும் நான்காம் அத்தியாயத்தை அவர் தொட்டதில்லை! அறிவுக் குறைவால் நேர்ந்ததன்று இது. முடிவெடுக்கும் வகை தெரியாமையால் நேர்ந்தது. அவ்வகையைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

நாம் மெட்ரிக் வரை படித்த ரயில்வே எழுத்தர். கணினி வல்லுநர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. எனினும் விதி நூல்களோடும் அவற்றின் திருத்தச் சீட்டுகளோடும் இருபதாண்டுகளாகப் பழகி வந்தவர்களாதலின், 'பதிப்பு' என்னும் பொருளைப் பற்றிச் சில சொற்கள் கூறத் துணிகிறோம். வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் உடன் சேர்த்துள்ளோம்.

முதலில் லினக்ஸ் என்பது யாது? கணினி இயங்குவதற்கு அடிப்படையான மென்பொருள் அது. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார், எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள் தொகுதியொன்றை ஆக்க முனைந்தார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுத் தலைநகரான ஹெல்சிங்கியில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் அதற்கு ஏற்ற கருப்பகுதியை எழுதி உலகுக்கு அளித்தார். இரண்டும் கூடிப் பிறந்ததே இன்று நாம் காணும் லினக்ஸ். நம் மேசைக் கணினிகளில் அது குறைவாகவே காணப்படுகிறது. ஆனால் வங்கிகளும், பெரு நிறுவனங்களும், இணையச் சேவைகளும் தங்கள் சர்வர்களில் பெரிதும் அதனையே நம்பியிருக்கின்றன. அச்சர்வர்களைக் காத்து நடத்துபவரே நிர்வாகி. அவ்வேலைக்குத் தகுதி காட்டும் சான்றுகளுள் ஒன்றே இத்தேர்வு.

லினக்ஸ் ஒன்றாயினும் அதன் குடும்பங்கள் பல. டெபியன் ஒரு குடும்பம். உபுண்டு அதன் வழி வந்தது. ரெட் ஹாட் மற்றொரு குடும்பம். சூசே வேறொன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் பாரத மென்பொருள் டெபியனைச் சார்ந்தது. 2023ஆம் ஆண்டில் தில்லியில் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளுக்கென மேற்கொண்ட மாயா என்னும் மென்பொருள் உபுண்டுவைச் சார்ந்தது. மென்பொருளை நிறுவும் கட்டளை ஒரு குடும்பத்தில் 'ஆப்ட்', மற்றொன்றில் 'டிஎன்எஃப்'. ஆகவே இளைஞர்களே, எந்தப் பதிப்பு என்று கேட்பதற்கு முன் எந்தக் குடும்பம் என்று கேளுங்கள். நீங்கள் விரும்பும் வேலைகளின் விளம்பரங்கள் இருபதைச் சேர்த்து வைத்துப் படித்தால் அதற்கு விடை தானே தெரியும். எக்குடும்பத்தையும் தனியே சாராத சான்றுகளும் உண்டு. 1999இல் தொடங்கிய லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிட்யூட் நடத்தும் எல்.பி.ஐ.சி. அத்தகையது. இன்ன அலுவலகம் என்று முடிவு செய்யாதவர்க்கு அதுவும் நல்வழியே.

நம் பிள்ளைகளுள் பலர் கருதுவது ரெட் ஹாட் நடத்தும் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. என்னும் சான்றையே. அதற்குரிய தேர்வு இ.எக்ஸ். 200 எனப்படும். பெற்றோர்கள் இதன் இயல்பைச் சற்று அறிந்திருத்தல் நலம். நான்கு விடைகளில் ஒன்றுக்குக் குறியிடும் தேர்வன்று இது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் கணினியின் முன் அமர்ந்து, கொடுத்த வேலைகளைச் செய்தே காட்ட வேண்டும். பயனர்களைச் சேர்த்தல், கோப்புகளுக்கு உரிமை வகுத்தல், வட்டை விரித்தல், மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டல் போன்றவை அவ்வேலைகள். இணையத்தைப் பார்க்க இயலாது. ஆனால் கணினிக்குள்ளேயே அமைந்திருக்கும் கையேட்டுப் பக்கங்களைப் பார்க்கலாம். மதிப்பெண் 300, தேற வேண்டியது 210. சான்று மூன்றாண்டு செல்லும். இவை எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்றுண்டு. செய்த வேலை கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கிய பின்னும் நிலைத்திருக்க வேண்டும். அப்போது மறைந்து போகுமாயின் அதற்கு மதிப்பெண் இல்லை.

இனிப் பதிப்புகளுக்கு வருவோம். ரெட் ஹாட்டின் ஆறாம் பதிப்பு 2010இலும், ஏழாவது 2014இலும், எட்டாவது 2019இலும், ஒன்பதாவது 2022இலும், பத்தாவது 2025இலும் வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழப் பத்தாண்டு ஆயுள் வகுக்கப்பெறுகிறது. ஏழாவதன் ஆயுள் 2024 ஜூன் மாத முடிவோடு தீர்ந்தது. எட்டாவதற்கு 2029 மே வரையிலும், ஒன்பதாவதற்கு 2032 மே வரையிலும் ஆயுள் உண்டு.

எண்கள் மாறுவதைக் கண்டு அஞ்சுவோர், உள்ளே மாறியது எது என்று பார்ப்பதில்லை. ஆறிலிருந்து ஏழுக்கு வந்தபோது ஏற்பட்டதே பெரிய மாற்றம். சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் வழங்கிய 'சர்வீஸ்', 'செக்கான்ஃபிக்' என்னும் பழைய கட்டளைகளின் இடத்தில் 'சிஸ்டம்சிடிஎல்' வந்தது. பாதுகாப்புச் சுவருக்கு 'ஃபயர்வால்டி' வந்தது. கோப்புகளை வட்டில் அடுக்கும் முறையில் 'எக்ஸ்எஃப்எஸ்' இயல்பானதாயிற்று. எட்டில் 'யம்' என்பதன் இடத்தில் 'டிஎன்எஃப்' வந்தது; பழைய பெயரைச் சொல்லி அழைத்தாலும் அது வரும். கொள்கலம் எனப்படும் கன்டெய்னர் வேலை எட்டாம் பதிப்புத் தேர்வுப் பட்டியலில் இடம்பெற்றது. ஒன்பதில் தலைமைப் பயனர் வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு வெளியிலிருந்து நுழைவது இயல்பாகவே தடுக்கப்பட்டது. பத்தாம் பதிப்புத் தேர்வுப் பட்டியலிலிருந்து கொள்கலம் நீங்கி, 'ஃபிளாட்பேக்' என்னும் மென்பொருள் முறை சேர்ந்தது.

மாறாதவை எவை? அடைவுகளின் அமைப்பு, கோப்புகளின் உரிமை, பயனரும் குழுவும், 'விஐ' என்னும் எழுதுகருவி, 'கிரெப்' என்னும் தேடு கட்டளை, 'எஸ்எஸ்எச்' இணைப்பு, வட்டைப் பகுத்து விரிக்கும் 'எல்விஎம்', காவலாகிய 'எஸ்இலினக்ஸ்', குறித்த நேரத்தில் வேலை செய்யும் 'கிரான்' ஆகிய இவையனைத்தும் ஆறிலும் இருந்தன, பத்திலும் இருக்கின்றன. ஒரு நிர்வாகியின் அன்றாட வேலையில் பெரும்பகுதி இவையே.

எம் அலுவலக அனுபவம் ஈண்டுப் பொருந்தும். ரயில்வேயில் தடித்த விதி நூல்கள் உண்டு. நூல் ஒருமுறை அச்சானால் பல்லாண்டு வழங்கும். இடையில் விதி மாறினால் வாரியத்திலிருந்து திருத்தச் சீட்டு வரும். அதனை உரிய பக்கத்தில் ஒட்டி வைப்பது எழுத்தர் கடமை. சீட்டு ஒட்டாத நூலை நம்பிக் கணக்கிட்டால் தொகை பிழையாகும். நூலைப் படியாமல் சீட்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தாலோ, எது எதைத் திருத்தியது என்றே விளங்காது. மூலமும் வேண்டும், சீட்டும் வேண்டும். ஆனால் மூலம் முன், சீட்டுப் பின். பதிப்பு எண் என்பது ஒரு கட்டுத் திருத்தச் சீட்டே என்பது நம் கருத்து.

இதற்குச் சான்றாக நம் முன்பதிவு அலுவலகங்களையே காட்டலாம். 1985ஆம் ஆண்டில் புது தில்லியில் கணினி வழி முன்பதிவு தொடங்கியது. மறு ஆண்டே ரயில்வேயின் கணினிப் பணிகளுக்கென கிரிஸ் என்னும் மையம் நிறுவப்பெற்றது. அதன் தலைமையகம் நமக்கு அண்மையில் சாணக்கியபுரியில் உள்ளது. 1994இல் செகந்திராபாத்தில் கன்சர்ட் என்னும் புதிய முறை வந்தது. 1999இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பெற்றன. 2002இல் இணைய வழிப் பதிவும் வந்தது. பெரிய பேரேட்டில் பெயர் எழுதிய எழுத்தர்கள் இத்தனை மாற்றத்தையும் கடந்து வந்தவர்கள். மூத்தவர்கள் எம்மிடம் கூறியது ஒன்றே. ஒதுக்கீடு எத்தனை வகை, காத்திருப்போர் வரிசை எவ்வாறு நகரும், ரத்துக்குப் பிடித்தம் எவ்வளவு என்று விதி அறிந்தவர்கள், புதிய திரையைச் சில நாட்களிற் பழகிக்கொண்டார்கள். எந்த விசையை அழுத்துவது என்பதை மட்டும் கற்றவர்கள், திரை மாறிய ஒவ்வொரு முறையும் முதல் வகுப்பிலிருந்து தொடங்கினார்கள்.

அப்படியாயின் எந்தப் பதிப்பாயினும் சரிதானோ என்று கேட்கலாம். அதுவும் தவறு. தேர்வு நாளில் கணினியில் இருப்பது ஒரு பதிப்புத்தான். அதன் சீட்டுகளையும் அறிந்தே செல்ல வேண்டும். ஆகவே முடிவெடுக்க மூன்று கேள்விகளை முன்வைக்கிறோம்.

முதற் கேள்வி: தேர்வுக்கு அமரப்போவது எந்த மாதம்? புதிய மென்பொருள் வந்த அன்றே தேர்வு மாறிவிடுவதில்லை. சில மாதம் கழிந்தே புதிய தேர்வு வருகிறது. பழைய தேர்வும் சிறிது காலம் உடன் நடப்பதுண்டு. ஆகவே முதலில் நாட்காட்டியில் மாதத்தைக் குறியுங்கள். அம்மாதத்தில் எப்பதிப்பில் தேர்வு நடக்கும் என்பதை ரெட் ஹாட் நிறுவனத்திடமே கேட்டறியுங்கள். அந்நிறுவனம் வெளியிடும் தேர்வு நோக்கங்களின் பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மாமா சொல்வதும் கடைக்காரர் சொல்வதும் அதற்குப் பின்னர்தான். முதன்மைப் பதிப்பு எண் முடிவானால் போதும். புள்ளிக்குப் பின் வரும் சிற்றெண்ணுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது: கையில் உள்ள கணினி எத்தகையது? நேரு பிளேசில் பழைய மடிக்கணினி வாங்குவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். பத்தாம் பதிப்பு, இன்டெல் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஹாஸ்வெல் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளில் ஓடாது. அதற்குப் பின் வந்த மலிவான பென்டியம், செலரான் வகைகள் சிலவற்றிலும் ஓடாது. ஒன்பதாம் பதிப்பு அவற்றினும் பழைய பொறிகளில் ஓடும். ஆகவே பணத்தைக் கொடுக்குமுன் செயலியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எட்டு ஜி.பி. நினைவகம் இருந்தால், ஒரே பொறிக்குள் இரண்டு கற்பனைக் கணினிகளை அமைத்துப் பழகலாம்.

மூன்றாவது: பழகுவதற்கான மென்பொருள் எங்கே கிடைக்கும்? இதற்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. தனி மனிதர் பழகுவதற்கு ரெட் ஹாட் நிறுவனமே கட்டணமில்லாப் பதிவு அளிக்கிறது. அதனை ஒத்த அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகியனவும் இலவசமே. இவ்விரண்டும் பிறந்த கதை நம் பொருளுக்கு ஒரு பாடம். நெடுங்காலம் மாணவர்களும் அலுவலகங்களும் சென்ட்ஓஎஸ் என்னும் இலவச மென்பொருளையே நம்பியிருந்தனர். அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை நீடிக்கும் என்று எல்லோரும் எண்ணியிருக்க, 2021 டிசம்பர் 31ஆம் நாளோடு அது முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. பலர் திகைத்தனர். ஆனால் 2021ஆம் ஆண்டிலேயே அல்மாவும் ராக்கியும் எழுந்தன. சென்ட்ஓஎஸ்ஸில் வேலை கற்றவர்கள் அவற்றிற் புகுந்து முன்போலவே வேலை செய்தனர். அவர்கள் கற்றது பெயரையன்று, தொழிலை என்பதே அதற்குக் காரணம்.

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபின் ஒரு பதிப்பைத் தேர்ந்து, தேர்வு முடியும் வரை அதனை மாற்றாதிருங்கள். நடுவில் புதியது வந்துவிட்டதே என்று கலங்க வேண்டாம். பழைய தேர்வு நடக்கும் காலத்துக்குள் நீங்கள் எழுத இயலுமாயின், முக்கால் வழி சென்றவர் திரும்பி வந்து வேறு வண்டி ஏறத் தேவையில்லை. ஒன்பதில் பெற்ற சான்றுக்கும் அதே மூன்றாண்டுக் காலம் உண்டு. வேலைக்குச் சென்ற இடத்தில் எட்டும் ஒன்பதும் பத்தும் அடுத்தடுத்த கணினிகளில் ஓடிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். எதனைப் படித்தாலும் மற்றவற்றின் சீட்டுகளை அங்கே ஒட்டிக்கொள்ளத்தான் வேண்டும். இதுவரை தொடங்காதவர்களும், ஓராண்டுக்குப் பின்னரே எழுத இருப்பவர்களும் புதியதிலேயே தொடங்குவது முறை.

பழைய புத்தகத்தை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். விலை கொடுத்து வாங்கியதை எறிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையில் வாங்கிய எட்டாம் பதிப்பு நூலாயினும், சுவரில் ஒட்டிய பட்டியலோடு அதனை ஒப்பிட்டு, மாறியவற்றைப் பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். அவ்வாறு குறிக்கும் வேலையே பாதிப் படிப்பு. ஏழுக்கு முற்பட்ட நூலை மட்டும் பாடமாகக் கொள்ள வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்றும் கூறியாக வேண்டும். தேர்வில் வந்த வினாக்கள் என்று சொல்லி விடையோடு தாள்களை விற்போர் இருக்கிறார்கள். வினாக்களை வெளியிடுவதில்லை என்று தேர்வு எழுதுவோர் ஒப்புதல் அளித்தே அமர்கிறார்கள். அத்தாளை வாங்குவது நேர்மையன்று, பயனுமில்லை. செய்து காட்டும் தேர்வில் பிறர் விடை கைகொடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சர்வர் நின்றுபோனால், அங்கே எந்தத் தாளும் கிடையாது. அதற்கு மாறாக, நீங்களே உங்கள் கற்பனைக் கணினியைக் கெடுத்துப் பாருங்கள், பின் சீர்செய்யுங்கள், நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். நிலைத்ததா என்று பாருங்கள். நாள்தோறும் இதனைச் செய்தவர்க்குத் தேர்வு மண்டபம் புதிய இடமாகத் தோன்றாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தைப் படிக்கிறான், நீ ஏன் ஒன்பதைப் படிக்கிறாய்?" என்று கேளாதீர்கள். "இன்று எதைச் செய்து பழகினாய்?" என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளின் படிப்புக்கும் அதே நேரமும் அதே கணினியும் கிடைக்கட்டும். வீட்டு வேலை முடிந்தபின் எஞ்சிய அரை மணியில் எந்தப் பதிப்பும் கைவராது.

இறுதியாகச் சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் சங்க அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். உறுப்பினர் இல்லங்களில் உறங்கும் பழைய கணினிகளை அங்கே சேர்க்கலாம். தேர்வில் தேறியவர் அடுத்தவர்க்குச் சொல்லித் தரட்டும். கையேட்டுப் பக்கங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு, மூத்தவர் ஒருவர் அருகமர்ந்து ஒரு பக்கத்தைத் தமிழில் விளக்கினால் அடுத்த பக்கத்தை அவர்களே படிப்பார்கள். ஊரை விட்டு வந்த நமக்கு இங்கே நிலமில்லை. இருக்கும் வீடும் அரசாங்கத்தினுடையது. பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப நம்மிடம் இருப்பது தொழிலறிவு ஒன்றே. அதில் ஓராண்டைக்கூட வீணாகவிடாமல் காப்பது சங்கத்தின் கடமைகளுள் ஒன்றெனக் கருதுகிறோம்.

 வளர்க நம் பிள்ளைகளின் கல்வி! வாழ்க தமிழ்!